கீரிப்பிள்ளையின் நெடும்பயணம்

மாணவர்களே, கீரிப்பிள்ளையின் கதையை வீட்டுப் பெரியோர் கூற நீங்கள் கேட்டிருக்கக்கூடும். ஓர் இல்லத்தில் குழந்தையோடு குழந்தையாக ஒரு கீரியையும் வளர்த்து வந்தனர். ஒருநாள் தாய் நீர் எடுக்கச் சென்றிருந்த வேளையில், தொட்டிலை நோக்கி ஒரு பாம்பு ஊர்ந்து வந்தது. கீரி அதனோடு போரிட்டுக் கொன்றது. திரும்பி வந்த தாயைக் கண்டதும் வாயெல்லாம் குருதியுடன் வாயிலுக்கு ஓடியது. குழந்தையைக் கடித்துவிட்டது என்றெண்ணிய அவள், இடுப்பிலிருந்த குடத்தை அதன்மீது எறிந்தாள். உள்ளே குழந்தை அமைதியாக உறங்கிக்கொண்டிருந்தது.

இக்கதை பஞ்சதந்திரத்தின் ஐந்தாம் பகுதியில் உள்ளது. இந்தியோ மராத்தியோ வங்காளமோ பேசும் உங்கள் வகுப்புத் தோழர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் வீட்டிலும் இக்கதை வழங்கலாம். சில வடிவங்களில் கீரியைக் கொல்பவர் தந்தை.

கி.பி. 6ஆம் நூற்றாண்டில், பாரசீக மன்னர் குஸ்ரோ அனுஷிர்வானின் அவையில் இருந்த பர்சோய் என்னும் மருத்துவர், பஞ்சதந்திரத்தைப் பகலவி மொழியில் பெயர்த்தார். அந்நூல் இன்று கிடைக்கவில்லை. ஆயினும் 8ஆம் நூற்றாண்டில் இப்னு அல்முகஃபா அதனை அரபியில் ஆக்கியிருந்தமையால் கதைகள் பிழைத்தன. அரபு நூலின் பெயர் 'கலீலா வ திம்னா'. கரடகன், தமனகன் என்னும் நம் நரிகளின் பெயர்களே அவ்வாறு திரிந்தன! அரபியிலிருந்து கதைகள் கிரேக்கம், எபிரேயம், இலத்தீன் எனப் பரவின.

வழியில் கீரி உருமாறியது. அரபு நூலில் அது வீசல் என்னும் மெலிந்த சிறு விலங்காயிற்று. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் மக்கள் கீரியைக் கண்டதில்லை. வீட்டைக் காக்கும் விலங்கு என்றால் அவர்களுக்கு நாய்தான். ஆகவே கீரியின் இடத்தில் நாய் வந்து நின்றது.

பிரான்சில் லியோன் நகருக்கு அருகே அந்த நாயின் பெயர் கினஃபோர். அங்கு மக்கள் கதையைக் கேட்டதோடு நிற்கவில்லை. நாயைப் புதைத்ததாகக் கருதிய இடத்திற்கு நோயுற்ற குழந்தைகளைத் தூக்கிச் சென்று வேண்டினர். 13ஆம் நூற்றாண்டில் இதனை அறிந்த எத்தியேன் தெ பூர்போன் என்னும் துறவி, நாயின் எலும்புகளைத் தோண்டி எடுக்கச் செய்து, அங்கிருந்த மரங்களையும் எரிக்கச் செய்தார்.

வேல்சு நாட்டில் பாம்பும் மாறி ஓநாய் ஆகிவிட்டது. இளவரசர் லிவெலின், தம் மகனைக் காத்த கெலர்ட் என்னும் வேட்டைநாயை வாளால் குத்திக் கொன்றாராம். பெத்கெலர்ட் என்னும் சிற்றூரில் அதன் கல்லறையை இன்றும் காட்டுகின்றனர். பயணிகளை ஈர்ப்பதற்காக 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு விடுதிக்காரர் நட்ட கல் அது என்பர். கல் புதியது, கண்ணீர் விடுவோர் அதனைப் பொருட்படுத்துவதில்லை.

இனித் தமிழுக்கு வருவோம். சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையிலும் இக்கீரி இடம்பெறுகிறது. இளங்கோவடிகள் அதனை 'நகுலம்' என்பார். பாம்பு, தொட்டில் என விரித்துரைக்காமல், கீரி இறந்ததை ஓரிரு சொற்களில் கூறிக் கடந்துவிடுகிறார். கேட்போர் கதையை முன்பே அறிந்திருந்தனர் போலும்.

கொன்றவருக்குப் பின்னர் என்ன நேர்ந்தது என்பதைப் பிற வடிவங்கள் பெரிதும் கூறுவதில்லை. சிலப்பதிகாரம் அங்கேதான் தொடங்குகிறது. உன் கையால் உண்பது தகாது என்று கூறி, அப்பெண்ணின் கணவன் வடதிசை நோக்கிச் சென்றுவிடுகிறான். அவன் எழுதித் தந்த ஓர் ஏட்டைக் கையில் ஏந்தி, தன் பழியைத் தீர்ப்பார் உண்டோ என்று அவள் புகாரின் தெருக்களில் வீடுதோறும் அலைகிறாள். கோவலன் அவளை அழைத்து, ஏட்டை வாங்கிப் படிக்கிறான். அவள் துயர் நீங்கத் தானம் செய்கிறான். பிரிந்து சென்ற கணவனையும் அழைத்து வந்து சேர்த்து, இருவரும் வாழப் பொருள் கொடுக்கிறான்.