வேலையோடு வீடும் போகும் தீவில் வழக்கறிஞரைத் தேர்வது எப்படி?

கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் தமிழ்த் தொழிலாளிக்கு வேலை போனால், சம்பளம் மட்டும் நிற்பதில்லை. அவர் குடியிருக்கும் வீடு தோட்டத்துக்குச் சொந்தமானது. அதைக் காலி செய்துவிட்டுப் பக்கத்தில் இரண்டு சென்ட் வாங்கிக் குடிசை போட்டுக்கொள்ளலாம் என்றால் அதற்கும் வழியில்லை. நிகோபார் தீவுகள் பழங்குடியினருக்கான காப்புப் பகுதி. 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை, நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் வெளியார் அங்கே நிலம் வாங்குவதைத் தடுக்கிறது. நிகோபாரிகளின் மண்ணைக் காப்பதற்காக வந்த அந்தச் சட்டம் இருக்கத்தான் வேண்டும். ஆனால் அதன் நிழலில், தோட்டத் தொழிலாளிக்கு வரும் வேலைநீக்க உத்தரவு தீவைவிட்டு வெளியேறச் சொல்லும் உத்தரவாகவும் ஆகிவிடலாம். எனவே இங்கே தொழிலாளர் சட்டமும் குடிமக்கள் உரிமையும் ஒரே முடிச்சு. இரண்டையும் அறிந்த வழக்கறிஞரைத்தான் தேட வேண்டும். முதல் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே தேட வேண்டும் என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

இந்தத் தமிழர்கள் கட்சாலுக்குப் பிழைப்புத் தேடித் தாங்களாக வந்தவர்கள் அல்லர். 1948-இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி, 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதென முடிவானது. தாயகம் திரும்பியவர்கள் என்று பெயர் சூட்டி நீலகிரித் தேயிலைக்கும், கன்னியாகுமரி, புனலூர் ரப்பருக்கும் அவர்களைப் பகிர்ந்து அனுப்பினார்கள். அவர்களில் சில குடும்பங்கள்தான் கட்சாலில் இறங்கின. 1977-இல் தொடங்கிய அந்தமான் நிகோபார் வன, தோட்ட வளர்ச்சிக் கழகத்தின் கீழ் தோட்டம் வந்தது. 2002-இல் உச்ச நீதிமன்றம் மரம் வெட்டுவதற்குக் கடும் கட்டுப்பாடு விதித்த பிறகு கழகத்தின் வருமானம் சரிந்தது. 2004 டிசம்பர் 26-இன் ஆழிப்பேரலை தீவையே சூறையாடியது. 2001 கணக்கெடுப்பில் 5,300-ஐத் தாண்டியிருந்த கட்சாலின் மக்கள்தொகை 2011-இல் 2,700-க்கும் கீழே போனது. 2017-இல் கழகத்தை மூடிவிட மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. விருப்ப ஓய்வை ஏற்காதவர்கள் தொழில் தகராறுகள் சட்டப்படி ஆட்குறைப்பு செய்யப்படுவார்கள் என்றும் அறிவித்தது.

இப்படி ஒரு முடிவு டெல்லியிலிருந்து கிளம்பித் தோட்டத்துக்கு வந்து சேரும்போது, அது ஒற்றைத் தாளாகத்தான் வந்து சேரும். சேர்ந்த தேதி, பணிக்காலம், தொகை, கீழே “எல்லா நிலுவையும் தீர்ந்தது, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்ற வரி, கையெழுத்துக்கு ஓர் இடம். தொழிலாளி தொகையைத்தான் பார்ப்பார். அனுபவமுள்ள வழக்கறிஞர் சேர்ந்த தேதியைப் பார்ப்பார். பணிக்கொடை என்பது கடைசியாக வாங்கிய மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி, பணியாற்றிய ஆண்டுகளால் மீண்டும் பெருக்கி வரும் தொகை. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 13,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஓராண்டுக்கு 7,500 ரூபாய். நிரந்தரமாவதற்கு முன் தினக்கூலியாக உழைத்த பத்தாண்டுகளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால், அந்த ஒரு வரியில் 75,000 ரூபாய் போய்விடும். ஆட்குறைப்பு இழப்பீடு இதிலிருந்து வேறு. அதற்கும் ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் உண்டு. இரண்டையும் ஒன்றாகக் காட்டித் தொகை எழுதியிருந்தால் அதைக் கண்டுபிடிக்கப் பழகிய கண் வேண்டும். கையெழுத்தான பிறகு எவ்வளவு பெரிய வழக்கறிஞர் வந்தாலும், முதலில் அந்தக் கையெழுத்தோடுதான் அவர் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

அடுத்தது, எந்தக் கதவைத் தட்டுவது என்ற கேள்வி. பல வழக்குகள் தோற்பது இங்கேதான். கழகம் அரசு நிறுவனம் என்பதால், அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவின்படி கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். அதன் சுற்று அமர்வு ஸ்ரீ விஜயபுரத்தில், அதாவது 2024 வரை போர்ட் பிளேர் என்றிருந்த ஊரில், கூடுகிறது. ஆனால் ஒருவர் ஆண்டுக்கு 240 நாள் வேலை செய்தாரா இல்லையா என்பது போன்ற தகராறை அந்த ரிட் மனுவில் சாட்சி வைத்து விசாரிப்பது வழக்கமில்லை. தொழில் தீர்ப்பாயத்துக்குப் போங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். அதற்குள் கெடு ஓடியிருக்கும். பழைய தொழில் தகராறுகள் சட்டத்தில், நீக்கப்பட்டவர் நேரடியாகத் தீர்ப்பாயம் போக மூன்றாண்டு இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு அதை இரண்டாண்டாகக் குறைத்திருக்கிறது. அரசு ஊழியர்களுக்கான மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தில் பொதுவாக ஓராண்டுதான். ஸ்ரீ விஜயபுரத்துக்குக் கடல்வழியே சுமார் 400 கி.மீ. போக வேண்டிய தீவுவாசிக்குத் தவறான கதவைத் தட்டிவிட்டுத் திரும்பி வர நேரமும் இல்லை, காசும் இல்லை.

ஆழிப்பேரலையில் ஆவணங்களைப் பறிகொடுத்தவர்களுக்கு ஒரு செய்தி. 240 நாள் உழைத்ததை நிரூபிக்கும் பொறுப்பு தொழிலாளியுடையது என்றுதான் சட்டம் சொல்கிறது. ஆனால் 2005-இல் எல்லட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னொன்றையும் தெளிவாக்கியது: தொழிலாளி சாட்சிக்கூண்டேறிச் சொல்லலாம்; மஸ்டர் ரோல் என்ற வருகைப் பதிவேட்டையும் சம்பளப் பதிவேட்டையும் கொண்டுவரும்படி நிறுவனத்தைக் கேட்கலாம். கேட்டது வழக்குப் பதிவில் இருக்க வேண்டும். கேட்கத் தெரிந்த வழக்கறிஞர் கேட்பார். தெரியாதவர், தாள் இல்லை, வழக்கும் இல்லை என்று கைவிரிப்பார்.

இரண்டு சட்டமும் தெரிந்தவர் ஏன் வேண்டும் என்பதற்கு இலங்கையிலேயே சான்று உண்டு. சிங்களத் தேர்ச்சித் தேர்வு எழுத மறுத்ததால் ஊதிய உயர்வு நிறுத்தப்பட்ட தமிழ் அரசு எழுத்தர் கோடீஸ்வரன் வழக்குத் தொடுத்தார். தொகையைப் பார்த்தால் சில்லறை வழக்கு. உள்ளே இருந்ததோ, சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டம் செல்லுமா என்ற கேள்வி. 1964-இல் மாவட்ட நீதிமன்றத்தில் வென்றார். 1967-இல் இலங்கை உச்ச நீதிமன்றம், அரசு ஊழியர் சம்பளத்துக்காக அரசின் மேல் வழக்குப் போடவே முடியாது என்று தீர்ப்பைக் கவிழ்த்தது. 1969-இல் லண்டன் பிரிவி கவுன்சில் அதைத் திருத்தி, போட முடியும் என்றது. மொழிச் சட்டம் பற்றிய கேள்வியைக் கொழும்புக்கே திருப்பி அனுப்பியது. அது கடைசிவரை தீர்க்கப்படவில்லை. உரிமையை மட்டும் எழுதிச் சம்பளத்தை விட்டிருந்தால் அந்த வழக்கு நின்றிருக்காது. சம்பளத்தை மட்டும் எழுதியிருந்தால் இன்று யாரும் அதை நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். கட்சாலில் இழப்பீட்டுக் கோரிக்கையோடு வீட்டையும் மறுவாழ்வையும் சேர்த்து எழுதுவதும் இதே வகைதான். ரப்பர் தோட்ட முதலாளி தொழிலாளிக்கு வீடு தர வேண்டும் என்பது 1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது. மறுவாழ்வு தருவதாக அழைத்து வந்த அரசு, வேலையோடு அந்தப் பொறுப்பும் முடிந்துவிட்டது என்று சொல்லலாமா என்பது வேறு கேள்வி. அதை எழுப்ப அரசியலமைப்புச் சட்டம் தெரிந்திருக்க வேண்டும்.

தொழிற்சங்கம் இருக்கும்போது வழக்கறிஞர் எதற்கு என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. சமரச அதிகாரி முன்னால் வழக்கறிஞர் வரக்கூடாது. தீர்ப்பாயத்திலும் எதிர்த்தரப்பு சம்மதித்து, தீர்ப்பாயமும் அனுமதித்தால்தான் வரலாம். தொழிலாளியைப் பணபலம் மிரட்டக்கூடாது என்பதற்காக வைத்த விதி அது. ஆனால் பேசுவதற்குத்தான் தடை. கோரிக்கை மனுவை எழுதித் தருவதற்கு இல்லை. வழக்கின் விதி முதல் மனுவிலேயே பெரும்பாலும் எழுதப்பட்டுவிடுகிறது. சங்கமும் வழக்கறிஞரும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை அந்தமானின் தினக்கூலி மஸ்தூர்கள் காட்டினார்கள். அவர்களுடைய ஊதியம், பஞ்சப்படி பற்றி 2022 டிசம்பரில் வந்த உத்தரவை நிர்வாகம் நிறைவேற்றவில்லை. அவமதிப்பு வழக்கு தொடர்ந்தார்கள். 2023 ஆகஸ்ட் 3 அன்று சுற்று அமர்வு தலைமைச் செயலரைப் பணியிடை நீக்கம் செய்தது. துணைநிலை ஆளுநர் தன் சொந்தப் பணத்திலிருந்து 5 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்றது. மறுநாளே உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு: தீர்ப்பு வேறு, கையில் வரும் பணம் வேறு. தீர்ப்புக்குப் பிறகு டெல்லிவரை போக நேரலாம் என்று முதல் நாளே சொல்லும் வழக்கறிஞர்தான் அனுபவசாலி.

பணத்துக்கு எங்கே போவது என்பது இன்னும் கனமான கேள்வி. 1987-இன் சட்டப்பணி ஆணையங்கள் சட்டம், 12-ஆவது பிரிவில் பெண்களுக்கும், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும், தொழிற்சாலை, தொழில் நிறுவனத் தொழிலாளருக்கும், பேரிடரால் பாதிக்கப்பட்டவருக்கும் இலவசச் சட்ட உதவி தருகிறது. இவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. கட்சாலில் தமிழரோ நிகோபாரியோ, இதில் ஏதாவது ஒரு வகைக்குள் வராத தொழிலாளியைக் காண்பது அரிது. இலவச வக்கீல் ஏனோதானோவென்று நடத்துவார் என்ற அச்சத்தைத் தள்ளிவிட முடியாது. அதற்கு மருந்து, உதவியை மறுப்பது அல்ல; தொழிலாளர் வழக்கு நடத்திய வழக்கறிஞரைத்தான் நியமிக்க வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே எழுதிக் கேட்பது. மின்தாக்கலும் காணொலி விசாரணையும் வந்த பின் தூரம் ஒரு பொருட்டா என்பாரும் உண்டு. கொஞ்சம் உண்மைதான். கொல்கத்தாவிலோ சென்னையிலோ இருக்கும் வழக்கறிஞரின் ஆலோசனை இன்று எட்டாததல்ல. ஆயினும் இணைய இணைப்பு அறுந்து அறுந்து வரும் தீவில், சுற்று அமர்வின் நடைமுறையும் நிர்வாகத்தின் கோப்பு போகும் வழியும் அறிந்த ஒருவர் ஸ்ரீ விஜயபுரத்தில் இருப்பதற்கு அது ஈடாகாது.

ஒருவருக்கு அனுபவம் இருக்கிறதா என்று பெயர்ப்பலகையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. வழக்கறிஞர் விளம்பரம் செய்வதையும், இன்ன துறையில் வல்லவர் என்று பலகையில் எழுதுவதையும் இந்திய வழக்கறிஞர் கழக விதிகள் தடுக்கின்றன. ஆகவே கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கறிஞர் பெயரைக் கொண்டே வழக்குகளைத் தேடலாம். எத்தனை தொழிலாளர் வழக்குகள், யார் பக்கம் என்று பாருங்கள். நிறுவனங்களுக்கே ஆஜராகிறவர் என்றால் யோசியுங்கள். தினக்கூலிகளை நிரந்தரமாக்குவதற்குத் தடையாகக் காட்டப்படும் 2006-இன் உமாதேவி தீர்ப்பையும், நெடுங்காலம் உழைத்தவர்களுக்கு எதிராக அதை ஆயுதமாக்கக்கூடாது என்ற 2024 டிசம்பரின் ஜக்கோ தீர்ப்பையும் அவர் அறிந்திருக்கிறாரா என்று கேளுங்கள். வென்றால் இவ்வளவு சதவீதம் என்று பேரம் பேசுகிறவரிடம் போகாதீர்கள். அது விதிப்படி கூடாது. வெற்றி நிச்சயம் என்று சொல்கிறவரிடமும் போகாதீர்கள். வக்காலத்துத் தாளில் நிரப்பாத இடங்கள் இருந்தால் கையெழுத்திடாதீர்கள். கட்டணப் பாக்கிக்காக உங்கள் கோப்பைப் பிடித்துவைக்க எந்த வழக்கறிஞருக்கும் உரிமையில்லை என்று 2000-த்திலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

தோட்ட அலுவலகம் ஒரு தாளை நீட்டினால், படித்துப் பார்த்துத் தருகிறேன் என்று சொல்லி நகலை வாங்கிக்கொள்ளுங்கள். தேசியச் சட்டப்பணி ஆணையத்தின் உதவி எண் 15100. கையெழுத்துக்கு முன்பே கூப்பிடுங்கள்.