ஊர் கூடித் திட்டம் போட முடியுமா?

அடுத்த மாதத்துக்கு எத்தனை மூட்டை துவரம் பருப்பு வாங்கிப் போடுவது என்று நாம் யாரிடமும் மனுக் கொடுப்பதில்லை. போன மாதம் ஓடிய சரக்கு, வரப்போகும் பண்டிகை, மொத்தக் கடையில் சொல்லும் விலை இவற்றைப் பார்த்து மனக்கணக்குப் போட்டுக் கொள்முதல் செய்கிறோம். இந்தக் கணக்கை ஒரு தேசம் முழுவதற்கும் தலைநகரில் உட்கார்ந்து போட முயன்றது சோவியத் ரஷ்யா. அதற்கென 1921-ல் கோஸ்பிளான் என்ற திட்டக் குழுவை ஏற்படுத்தினார்கள். கடைசியில் மிஞ்சியது கடை வாசலில் நீண்ட வரிசைதான்.

சரி, அதிகாரிகள் போடாமல் மக்களே கூடிப் பேசித் திட்டம் போட்டால் நடக்குமா? இதற்கு ஏட்டில் விடை தேட வேண்டியதில்லை. பக்கத்துக் கேரளத்தில் செய்தே பார்த்துவிட்டார்கள்.

73-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993-ல் நடைமுறைக்கு வந்து ஊராட்சிகளுக்கு உயிர் கொடுத்தது. அதையொட்டி இ.கே. நாயனார் அரசு 1996 ஆகஸ்டில் மக்கள் திட்டத்தைத் தொடங்கியது. மாநிலத் திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கே என்று அறிவித்தார்கள். பணத்தை முதலில் ஒதுக்கிவிட்டு, பிறகு திட்டம் கேட்டார்கள் என்பதுதான் இதில் விசேஷம். வாங்கும் சக்தி இல்லாதவன் விலை கேட்டு என்ன பயன்?

வார்டுதோறும் கிராமசபை கூடியது. விவசாயம், குடிநீர், கல்வி என்று துறைவாரியாகக் குழுக்களாக உட்கார்ந்து குறைகளைச் சொன்னார்கள். அவற்றைத் தொகுத்து ஊராட்சி அளவில் கருத்தரங்கு நடத்தினார்கள். பணிக்குழுக்கள் திட்டம் எழுதின. மதிப்பீடு சரிதானா என்று பார்க்க, ஓய்வு பெற்ற பொறியாளர்களும் ஆசிரியர்களும் தொண்டாக முன்வந்தார்கள். முதல் சுற்றில் மட்டும் 20 லட்சம் பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள்.

பலன்? கிணறு, கழிப்பறை, வீடு, சாலை ஆகியவற்றில் நல்ல பலன் தெரிந்தது. ஆனால் உற்பத்தி என்று வந்தபோது தடுமாறினார்கள். கோழி, ஆடு, தென்னங்கன்று என்று ஆளுக்குக் கொஞ்சம் பங்கிட்டதோடு பல இடங்களில் முடிந்தது. ஒப்பந்தக்காரரை ஒழிக்கப் பயனாளிக் குழு அமைத்தால், சில ஊர்களில் அதே ஒப்பந்தக்காரர் பினாமியாக உள்ளே வந்து உட்கார்ந்தார். முதல் ஆண்டு வந்த கூட்டமும் போகப் போகக் குறைந்தது. ஆனாலும் 2001-ல் ஆட்சி மாறிய பிறகும் உள்ளாட்சிகளுக்குப் பணம் ஒதுக்கும் முறை நிற்கவில்லை.

கிணறு ஊருக்குப் பொது. எங்கே வெட்டலாம் என்று நாலு பேர் கூடிப் பேசி முடிவு செய்யலாம். ஒரு வீட்டுக்கு இட்லி அரிசி, அடுத்த வீட்டுக்குப் பச்சரிசி என்பதைக் கைதூக்கி முடிவு செய்ய முடியாது. அந்த வேலையை விலையும் நம் பேரேடும் பார்த்துக்கொள்கின்றன. அதற்காக நாம் மார்தட்டிக்கொள்ளவும் வேண்டாம். கையில் காசுள்ளவன் கேட்பதுதான் விலைக்குக் காதில் விழும். சந்தைக்குள் சாக்கடை அமைப்பதற்கும் தெருவிளக்கு போடுவதற்கும் எந்த விலையும் வழி சொல்வதில்லை.

நமக்கு வலிக்கும் இடம் இதுதான். சந்தைக் கடை ஏலம், வாடகை, குப்பை, கழிப்பறை எல்லாம் உள்ளாட்சியின் கையில் இருக்கின்றன. கிராமசபைக்கோ நம்மவர்கள் போவதே இல்லை. 'கல்லாவை யார் பார்ப்பது?' என்பது வழக்கமான பதில். தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இவற்றில் நான்கு பொது விடுமுறை நாட்கள். ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கு அங்கே வைக்கப்படுகிறது. கணக்குப் பார்க்கத் தெரிந்த நாம்தான் அதைக் கையில் வாங்கி, சந்தையில் வசூலான தொகை எவ்வளவு, சந்தைக்குச் செலவானது எவ்வளவு என்று வரிக்கு வரி கேட்க வேண்டும்.