எல்லைக்கு இந்தப் பக்கம் தும்மல்

பனிக்காலம் அதேதான். பிர்ச் மரங்களும் அதேதான். மக்களும் ஏறக்குறைய ஒரே வம்சாவளி. ஆனால் கரேலியா பிரதேசத்தை இரண்டாகப் பிரிக்கும் எல்லைக்கு மேற்கே, பின்லாந்துக் குழந்தைகள் தும்முகிறார்கள். கிழக்கே, ரஷ்யக் குழந்தைகளுக்கு அந்தத் தொல்லை மிகக் குறைவு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பின்லாந்துப் பக்கம் வசதியும் நகர வாழ்க்கையும் வந்து சேர்ந்தன. ரஷ்யப் பக்கம் பழைய கிராம வாழ்க்கை நீடித்தது. ஒவ்வாமை மேற்கே பல மடங்கு அதிகம் என்று 1998-ல் தொடங்கிய ஆய்வுகள் காட்டின. மகரந்தத்தின் மேல் பழி போட வழியில்லை. அது பாஸ்போர்ட் பார்த்துப் பறப்பதில்லை.

பிறகு விஞ்ஞானிகளின் சந்தேகம் குடல் மீது திரும்பியது. பின்லாந்து, எஸ்டோனியா, ரஷ்ய கரேலியா ஆகிய இடங்களைச் சேர்ந்த 222 குழந்தைகளின் மலத்தை, பிறந்ததிலிருந்து மூன்று வயது வரை சேகரித்துப் பரிசோதித்தார்கள். முடிவு 2016-ல் 'செல்' இதழில் வெளியானது. பின்லாந்துக் குழந்தைகளின் குடலில் பாக்டீராய்ட்ஸ் வகை நுண்ணுயிர்கள் மிகுந்திருந்தன. ரஷ்யக் குழந்தைகளிடம் அவை குறைவு, ஈ.கோலி போன்றவை கூடுதல். இரண்டின் மேலுறையிலும் ஒரே ரகக் கொழுப்பு-சர்க்கரைப் பொருள் உண்டு. ஈ.கோலியினுடையது நோய் எதிர்ப்புச் சக்தியை உசுப்பிப் பழக்குகிறது. பாக்டீராய்ட்ஸினுடையது உசுப்பாததோடு, மற்றதன் வேலையையும் கெடுக்கிறது. பிள்ளைப் பருவத்தில் இந்தப் பயிற்சி கிடைக்காத எதிர்ப்புச் சக்தி, பின்னாளில் முட்டையையும் மகரந்தத்தையும் எதிரியாக நினைத்துப் பாய்கிறது என்பது ஊகம். ஊகம்தான், எலிகளில் சோதித்துப் பார்த்தது ஒவ்வாமையை அல்ல, சர்க்கரை நோயை.

இதைப் படித்துவிட்டு யாரும் கை கழுவுவதை நிறுத்திவிட வேண்டாம். அசுத்தத் தண்ணீரால் வரும் வயிற்றுப்போக்கு இன்னமும் குழந்தைகளைக் கொல்கிறது. தேடுவது அழுக்கை அல்ல, மண்ணோடும் மரத்தோடும் இருந்த பழைய உறவை.

பின்லாந்து அரசு இதைப் புரிந்துகொண்டது. ஒவ்வாமைப் பொருள்களைக் கண்டு ஓடுவதைவிட, உடலைத் தாங்கப் பழக்குவதே மேல் என்று 2008-ல் பத்தாண்டுத் திட்டம் தொடங்கியது. லாத்தி, தம்பேரே நகரங்களில் சில குழந்தைகள் காப்பகங்களின் சரளைக்கல் முற்றத்தில் காட்டு மண்ணையும் புல்லையும் கொண்டுவந்து பரப்பினார்கள். பிள்ளைகள் செடி நட்டார்கள், மண்ணைக் கிளறி விளையாடினார்கள். 28 நாட்களில் அவர்கள் தோலில் நுண்ணுயிர் வகைகள் பெருகின. குடலிலும் மாற்றம் தெரிந்தது. எதிர்ப்புச் சக்தியைக் கட்டுப்படுத்தும் அணுக்களும் ரத்தத்தில் கூடியிருந்ததாக 2020-ல் அறிவித்தார்கள். இந்தப் பிள்ளைகளுக்குப் பின்னாளில் தும்மல் குறையுமா என்பது அந்த 28 நாட்களில் தெரிகிற விஷயமல்ல.