வேலையை விட்டாலும் விடாத அஞ்சல் கணக்கு

வேலையை விட்ட பிறகு சொந்தக் கணினியில் அவுட்லுக்கைத் திறந்தால், பழைய அலுவலக முகவரிக்குக் கடவுச்சொல் கேட்கும். தெரிந்ததைக் கொடுத்தாலும் ஏற்காது. கோப்புறைகளைத் திறக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டு மூடிக்கொள்ளும். கணக்கை நீக்கும் பட்டன் மென்பொருளுக்கு உள்ளே இருக்கிறது, மென்பொருளோ திறப்பதில்லை. வெறுத்துப்போய் ஆபீஸ் தொகுப்பையே அழித்து மறுபடி நிறுவுபவர்கள் உண்டு. அப்போதும் அதே கேள்விதான் வந்து நிற்கும்.

காரணம், கணக்கு விவரங்கள் அவுட்லுக் நிரலோடு ஒட்டியிருப்பதில்லை. 'புரொஃபைல்' என்ற பெயரில் விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் தனியாகப் பதிவாகியிருக்கின்றன. என்னென்ன கணக்குகள், எந்த சர்வர், அஞ்சல் கோப்பு எங்கே, எது முதன்மை என்பதெல்லாம் அதில்தான் உண்டு. நிரலை அழித்தாலும் இந்தப் பதிவு பெரும்பாலும் அப்படியே கிடக்கும்.

புரொஃபைலை ஒரு ரேஷன் அட்டை என்று வைத்துக்கொண்டால், முதலில் சேர்த்த கணக்குதான் வழக்கமாகக் குடும்பத் தலைவர். தொடங்கும்போது அவுட்லுக் தேடுவது தலைவரின் பெட்டியை. நிறுவனம் கணக்கை முடக்கியிருந்தால் சர்வர் மறுக்கும். கணினியில் உள்ள நகலும் பழுதாகியிருந்தால் கதை அங்கேயே முடிந்தது. தலைவர் பெயரைச் சும்மா அடிக்கவும் முடியாது; வேறொரு தரவுக் கோப்பை முதன்மையாக்கிய பிறகே நீக்க விடும்.

இதற்கான வழி அவுட்லுக்குக்கு வெளியே இருக்கிறது. விண்டோஸ் கண்ட்ரோல் பேனலில் 'மெயில்' என்ற பகுதியைத் திறந்து, 'ஷோ புரொஃபைல்ஸ்' என்பதை அழுத்துங்கள். 'ஆட்' கொடுத்துப் புதிய புரொஃபைல் ஒன்றை உருவாக்கி, சொந்த மின்னஞ்சலை மட்டும் அதில் சேருங்கள். எப்போதும் இதையே பயன்படுத்து என்ற இடத்தில் அதைத் தேர்ந்தெடுத்தால் போதும், அவுட்லுக் திறந்துவிடும். இது பழைய வகை அவுட்லுக்குக்கான வழி.

பழைய புரொஃபைலை உடனே அழிக்க வேண்டாம். அலுவலக எக்ஸ்சேஞ்ச் கணக்கின் அஞ்சல்கள் ஓ.எஸ்.டி. என்ற கோப்பில் நகலாகத்தான் இருக்கும். அசல் நிறுவனத்தின் சர்வரில் இருக்கும். அந்த நகல் தன் புரொஃபைலோடு பிணைக்கப்பட்டது. கணக்கை நீக்கிவிட்டால் அவுட்லுக்கால் அதை நேரடியாகத் திறக்க முடியாது. இணையத்தைத் துண்டித்துவிட்டுப் பழைய புரொஃபைலைத் திறந்து பாருங்கள். சில சமயம் திறக்கும். திறந்தால், உங்களுக்குச் சொந்தமான கடிதங்களையும் தொடர்பு முகவரிகளையும் பி.எஸ்.டி. கோப்பாக ஏற்றுமதி செய்துகொள்ளலாம். அலுவலகக் கடிதங்கள் நிறுவனத்துக்கு உரியவை. அவற்றைத் தொடாதிருப்பதே முறை.

சொந்தக் கணக்கிலும் ஒன்றைக் கவனியுங்கள். 1986-இல் உருவான ஐமேப் முறையில் அசல் சர்வரிலேயே இருப்பதால், கணினியிலிருந்து கணக்கை நீக்கினாலும் கடிதம் போகாது. 1984-இல் வந்த பாப் முறையோ கடிதத்தைக் கணினிக்கு இறக்கிக்கொள்வதற்காகவே அமைந்தது. சர்வரில் நகல் விடாத அமைப்பு என்றால், உங்கள் கணினியில் இருப்பது மட்டுமே மிச்சம். அந்தக் கோப்பைப் பிரதி எடுக்காமல் எதையும் அழிக்காதீர்கள்.

இத்தனை சிக்கலும் வேண்டாம் என்றால், கடைசி வேலை நாளுக்கு முன்பே, கணக்கு உயிரோடு இருக்கும்போதே, சொந்தக் கணினியிலிருந்து அதை நீக்கிவிடுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.