மலைக்கேற்ற கம்ப்யூட்டர்

தேவிகுளம் தேயிலைத் தோட்ட லயங்களில் விளையாட்டுக் கம்ப்யூட்டர் கனவுக்குக் குறைவில்லை; காசுக்குத்தான் குறைவு. அங்கே 232 ரூபாயாக இருந்த நாள் கூலி 301 ஆனதே, 2015இல் மூணாறு பெண் தொழிலாளர்கள் தெருவில் இறங்கிய பிறகுதான். அப்படிச் சேர்த்த பணத்தை மொத்தமாக கிராஃபிக்ஸ் கார்டில் கொட்டுவது விவேகமல்ல. மலைக்குளிர் சிப்புகளுக்கு இதம். ஆனால் ஐப்பசி இடி மின்னலும் ஏறி இறங்கும் மின்சாரமும் எமன்கள். ஆகவே முதல் செலவு தரமான பவர் சப்ளைக்கும் முறையான எர்த்துக்கும். அடுத்தது, கிராஃபிக்ஸ் வசதியை உள்ளடக்கிய ரைசன் 5 5600ஜி போன்ற பிராசஸர். இரண்டு 8 ஜிபி ராம். எளிய விளையாட்டுகளுக்கு இதுவே போதும். கார்டு அடுத்த போனஸ் வரை காத்திருக்கட்டும். அதைத் தாங்கும் வாட் இப்போதே இருக்கட்டும். இடி முழங்கினால்? பிளக்கைப் பிடுங்குங்கள். செலவில்லாத இன்ஷூரன்ஸ் அதுதான்.