இரண்டு சென்டிமீட்டர் விளிம்பு

ஜப்பானில் பாதசாரிகள் சாலையைக் கடக்கும் இடங்களில் நடைபாதையைச் சரிவாக இறக்கிக்கொண்டுவந்து, கடைசியில் 2 சென்டிமீட்டர் உயரத்தை வேண்டுமென்றே விட்டுவைக்கிறார்கள். சக்கர நாற்காலியில் வருபவருக்கு மேடுபள்ளம் இல்லாத தரை வேண்டும். வெள்ளைக்கோலுடன் வருபவருக்கோ, நடைபாதை முடிந்து வண்டிகள் ஓடும் சாலை தொடங்குகிறது என்று சொல்வதே அந்த விளிம்புதான். அதை அடியோடு எடுத்துவிட்டால் அவர் தெரியாமலேயே சாலைக்குள் இறங்கிவிடுவார். 2 சென்டிமீட்டர், இருவருக்கும் பொதுவாக எட்டிய சமரசம்: சக்கரமும் ஏறிவிடும், கோலின் நுனியிலும் தட்டுப்படும்.

விளிம்பே இல்லாத இடங்களில் அந்த எச்சரிக்கையைத் தருபவை, நம் மெட்ரோ நிலையங்களிலும் பார்க்கிற மஞ்சள் டைல்ஸ். ஜப்பானின் ஒகயாமா நகரைச் சேர்ந்த செயிச்சி மியாகே, பார்வை மங்கிவந்த நண்பருக்காக 1965-ல் இதை உருவாக்கினார். 1967 மார்ச் 18 அன்று, அங்குள்ள பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே ஒரு சாலைக் கடப்பில் முதன்முதலாகப் பதித்தார்கள். நீளக் கோடுகள் இருந்தால் அந்தத் திசையில் நடக்கலாம். புள்ளிகள் வந்தால் நிற்க வேண்டும். எதிரே சாலையோ படியோ நடைமேடை விளிம்போ இருக்கிறது. சுமார் 5 மில்லிமீட்டர் புடைப்பைச் செருப்புப் போட்ட பாதமும் உணர்ந்துகொள்ளும். மஞ்சள் நிறத்துக்கும் காரணம் உண்டு. பார்வைக் குறைபாடு உள்ள பலருக்குக் கொஞ்சமாவது பார்வை மிஞ்சியிருக்கும். சாம்பல் நிறத் தரையில் மஞ்சள் அவர்களுக்குத் துலங்கித் தெரியும்.

நம் நடைபாதைகளிலும் இவை வந்துவிட்டன. ஆனால் நேராகப் போகும் கோடு மின்கம்பத்தில் முட்டி நிற்கும் தெருக்கள் எத்தனை! புள்ளி வரவேண்டிய இடத்தில் கோடு கிடக்கும். கொத்தனாரைக் குறைசொல்லிப் பயனில்லை. எது எதற்கு என்று அவருக்கு விளக்கியிருக்க வேண்டும். தப்பாகப் பதித்த டைல்ஸ், டைல்ஸே இல்லாததைவிட ஆபத்தானது. அதை நம்பித்தானே ஒருவர் அடுத்த அடியை வைக்கிறார்?

சாய்தளத்திலும் இதே அலட்சியம். 1 அடி ஏற 12 அடி நீளம் வேண்டும் என்பது விதி. ஆளும் நாற்காலியுமாக 80 கிலோ என்றால், அந்தச் சரிவில் புவியீர்ப்பு ஏறக்குறைய 6.6 கிலோ எடைக்குச் சமமாகப் பின்னுக்கு இழுக்கும். கைகளால் தள்ளி ஏறிவிடலாம். இடமில்லை என்று 4 அடியில் முடித்துவிட்டால் இழுவிசை 19 கிலோவைத் தாண்டும். பின்னால் ஒருவர் பிடிக்காமல் ஏற முடியாது, நாற்காலி மல்லாந்து கவிழவும் கூடும். 15 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரே ஒரு படிக்கே 1.8 மீட்டர் சாய்தளம் தேவை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லேயே வந்துவிட்டது. அணுகல் விதிகள் வெறும் பரிந்துரைகளாக இருந்தால் போதாது, கட்டாயமாக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. மாநகராட்சிகள் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். வேலை முடிந்த நடைபாதையில் வெள்ளைக்கோலுடன் ஒருவரும் சக்கர நாற்காலியில் ஒருவரும் கடைசிவரை போய்வந்து கையெழுத்திட்ட பிறகே ஒப்பந்ததாரருக்குப் பணம் போகட்டும்.