மலை காத்த கோட்டை



ஜப்பான் என்றதும் நம் வீட்டுப் பெரியவர்களுக்குச் சயாம் மரண இரயில்தான் நினைவுக்கு வரும். அது மறக்கக்கூடியதன்று. ஆயினும், அதற்கும் முந்திய காலத்து ஜப்பானியக் கோட்டை ஒன்றின் கதையை இன்று பார்ப்போம்.

ஒகாயாமா வட்டாரத்தில் தாகாஹாஷி என்னும் ஊருக்குப் பின்புறம் ஒரு மலை. பெயர் காக்யூ. படுத்திருக்கும் மாடு என்று பொருள். அதன்மேல் 1240ஆம் ஆண்டில் முதல் அரண் எழுந்தது. இன்று நிற்கும் பிச்சூ மட்சுயாமா கோட்டையை 1681 முதல் 1683 வரை திருத்திக் கட்டியவர் மிசுனோயா கட்சுமுனே என்ற சிற்றரசர்.

கோபுரம் இரண்டே மாடிதான். உயரம் ஏறக்குறைய 11 மீட்டர். ஆனால் அது நிற்கும் இடமோ 430 மீட்டர் உயரத்தில்! பகைவர் முற்றுகையிட்டால் உள்ளிருந்தே சமைக்கவும் குளிர்காயவும் தரையில் நீண்ட அடுப்புக்குழி அமைத்திருக்கிறார்கள். சிற்றரசர் அங்கேயே வாழ்ந்தாரா என்றால், இல்லை. அன்றாடம் மலையேற யாரால் முடியும்? வீடும் அலுவலகமும் அடிவாரத்தில் இருந்தன.

1873இல் புதிய அரசாங்கம் பழைய கோட்டைகளை ஒழிக்க ஆணையிட்டது. நாடெங்கும் கோட்டைகள் விலைபோயின. இக்கோட்டையை ஒரு வணிகர் வெறும் 7 யென்னுக்கு வாங்கினாராம். அடிவாரக் கட்டடங்களைப் பிரித்துவிட்டார்கள். மேலே இருந்ததைப் பிரித்து இறக்கினால், மரத்தின் விலையைவிடச் சுமைகூலி மிஞ்சிவிடும். ஆகவே அப்படியே விட்டுவிட்டார்கள். அன்று பகைவரைத் தடுத்த அதே ஏற்றம், இப்போது கோடரியையும் தடுத்தது. ஆனால் மழையை யார் தடுப்பது? கூரை ஒழுகியது, சுவர் சரிந்தது, காடு மூடியது. இப்படி ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன.

பிறகு அவ்வூர் நடுநிலைப்பள்ளி ஆசிரியர் ஒருவர் காட்டுக்குள் ஏறிப்போய்க் கோட்டையை ஆராய்ந்து எழுதினார். அதன்பின்தான் ஊராரும் அதைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆசிரியர்களாகிய எங்களுக்கு இதில் சற்றுப் பெருமைதான், மறைப்பானேன்!

1940இல் கோபுரம் செப்பனிடப்பட்டது. கூரைக்கு வேண்டிய ஓடுகள் ஏறக்குறைய 20,000. வண்டி ஏறாத மலை. அவ்வூர்ப் பள்ளிப் பிள்ளைகளே அவற்றைச் சுமந்து ஏறினார்கள். பாரம் தூக்கி மேடேறியவர்களுக்கு இதன் அருமை தெரியும். மறு ஆண்டே அரசாங்கம் கோட்டையைத் தேசியச் செல்வமாக அறிவித்தது.

ஜப்பானில் பழைய கோபுரம் அழியாமல் நிற்கும் கோட்டைகள் 12 மட்டுமே. அவற்றுள் மிக உயரத்தில் இருப்பது இதுதான். இன்றும் வண்டி பாதி மலைவரைதான் போகும். மிச்சத்தை ஏறக்குறைய இருபது நிமிடம் நடந்தே ஏற வேண்டும்.